பூனையின் செவியும் மனிதனின் இசையும்

இசை உயிர்கள் அனைத்தையும் தன்வயப்படுத்த வல்லது என்னும் நம்பிக்கை கீழைத்தேயத்தவரிடத்தும் மேலைத்தேயத்தவரிடத்தும் மிகப் பழங்காலந்தொட்டு நிலவிவருகின்றது. கிரேக்க புராணக் கதைகளில் வரும் ஓர்பியசு யாழிசைத்தபோது கொடிய விலங்குகளும் அடங்கி நின்றன என்பர். ஆனாய நாயனாரின் குழலோசை கேட்டுப் பாம்பும் மயிலும், சிங்கமும் யானையும் தம் பகைமை மறந்து ஒருங்கு நின்றமையைப் பெரியபுராணத்திலே சேக்கிழார் விரித்துரைக்கின்றார். இக்கதைகள் இசையின் பெருமையையும் அதனை இசைத்தோரின் பெருமையையும் உணர்த்த எழுந்தவை. விலங்கின் மனநிலையை ஆராய்தல் அவற்றின் நோக்கமாக இருந்ததில்லை. ஆயினும் அவற்றின் அடியிலே ஒரு கருத்து வினாவுக்கிடமின்றி ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது. மனிதனுக்கு இனிப்பது எதுவோ, அதுவே ஏனைய உயிர்களுக்கும் இனிக்கும் என்பதே அக்கருத்தாகும்.

இக்கருத்து புராணங்களோடு நின்றுவிடவில்லை. பூனை வளர்க்கும் இல்லங்கள் பலவற்றில் அது நாள்தோறும் செயற்பட்டுக்கொண்டிருக்கின்றது. வேலைக்குச் செல்வோர் வீட்டிலே தனித்திருக்கும் பூனைக்குத் துணையாக வானொலியை ஒலிக்கவிட்டுச் செல்கின்றனர். மாலைவேளையில் இசை கேட்டிருக்கும் ஒருவரின் மடியிலே பூனை கண்மூடிக் கிடந்தால், அதுவும் இசையில் மூழ்கியிருப்பதாக அவர் கருதுகின்றார். அவர் கருதுவது மெய்யாக இருத்தல் கூடும். மடியின் வெப்பமே அதனை அங்கு இருத்தியிருத்தலுங் கூடும். இவற்றுள் எது உண்மையென எவ்வாறு அறிவது? அறிய இயலாதெனின், பூனைக்கென இசையை ஒலிக்கவிடும் செயலை அன்புச் செயலென்று கூறல் தகுமா? இவ்விரு வினாக்களுள் முதலாவது அறிவு பற்றியது; இரண்டாவது அறம் பற்றியது. இவ்விரண்டும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கவியலாதவாறு பிணைந்து நிற்றலை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் பூனையின் செவியை நோக்குதல் பொருந்தும். மனிதச் செவி செக்கனுக்கு ஏறத்தாழ 20 முதல் 20,000 வரையான அதிர்வுகளைக் கேட்கவல்லது. பூனையின் செவியோ செக்கனுக்கு ஏறத்தாழ 48 அதிர்வுகளிலிருந்து 85,000 அதிர்வுகள் வரை கேட்கின்றதென்பது 1985ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்க ஆய்வாளரான ஹெஃப்னர் இணையர் வெளியிட்ட ஆய்வாற் புலனாகின்றது. எலி முதலிய சிற்றுயிர்கள் எழுப்பும் கூரிய ஒலிகள் பல மனிதச் செவிக்கு எட்டுவதில்லை. அவற்றைக் கேட்டு இரைதேடும் வாழ்க்கைக்கு ஏற்றதாகப் பூனையின் செவி அமைந்துள்ளது. ஆகவே ஒரே அறையில் வாழ்ந்தாலும் மனிதனும் பூனையும் ஒரே ஒலியுலகில் வாழ்வதாகக் கூறமுடியாது.

மனிதனுடைய இசைக்கருவிகளும் ஒலிப்பதிவுக் கருவிகளும் மனிதச் செவியையே அளவாகக் கொண்டு ஆக்கப்பட்டவை. குறுந்தட்டிற் பதியப்படும் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 22,000 அதிர்வுகளோடு முடிவடைகின்றது. பண்பலை வானொலி 15,000 அளவிலேயே நின்றுவிடுகின்றது. இவற்றுக்கு அப்பால் உள்ளவற்றை மனிதன் கேட்பதில்லையாதலால் அவை நீக்கப்படுவதை அவன் இழப்பாகக் கருதுவதில்லை. தன் கண்ணுக்குப் புலப்படாத நிறங்களையெல்லாம் நீக்கிவிட்டு, எஞ்சிய ஓவியத்தை அந்நிறங்களைக் காணவல்ல ஒருவனுக்குப் பரிசாக அளிப்பவனது செயலை இது ஒத்தது. பரிசளிப்பவனின் எண்ணம் நல்லதே. ஆனால் பெறுபவன் காண்பது யாது என்பது அவனுக்குத் தெரியாது.

சுவைப்புலனிலிருந்து பெறப்படும் எடுத்துக்காட்டொன்று இதனை மேலும் தெளிவாக்கும். இனிப்பை அறியும் வாங்கி நாவில் அமைவதற்கு வேண்டிய பரம்பரையலகுகளுள் ஒன்று பூனையினத்திற் சிதைந்து செயலற்றிருப்பதை அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள மொனெல் ஆய்வுநிலையத்தினர் 2005இல் வெளிப்படுத்தினர். விழாநாளொன்றிற் பாயாசம் காய்ச்சிய வீட்டார் பூனைக்கும் ஒரு கரண்டி ஊற்றுவதாகக் கொள்வோம். பூனை அதனை நக்கிப் பருகுகின்றது. பாலின் கொழுப்பு அதனை ஈர்த்திருக்கலாம். சர்க்கரையின் இனிமை அதற்கு எட்டுவதன்று. ஆனால் பாயாசத்தை ஊற்றியவர், தம் வீட்டுப் பூனைக்கு இனிப்பு மிகவும் விருப்பமென்று அயலாருக்குக் கூறுவார். பூனை பருகியது மெய். அதற்கு இனித்தது மெய்யன்று. அவர் கண்ட காட்சியிற் பிழையில்லை. காட்சிக்கு அவர் கற்பித்த பொருளே பிழையாயிற்று.

பாம்பாட்டியின் மகுடியிலும் இதே நிலையைக் காணலாம். பாம்புக்குப் புறச்செவி இல்லை. அதிர்வுகளையும் தாழ்ந்த ஒலிகள் சிலவற்றையும் அது உணரவல்லதாயினும், படமெடுத்த நாகம் பின்தொடர்வது மகுடியின் இன்னிசையை அன்று. தன் முன்னே ஆடும் மகுடியையும் அதனை ஏந்திய கையையுமே அது பின்தொடர்கின்றது. தற்காப்புக்காக எழுந்த விழிப்பை மக்கள் இசையின்பத்தால் எழுந்த ஆட்டமெனப் பொருள்கொண்டனர். அவ்வாறு பொருள்கொண்டமையால் மக்களுக்கு நட்டமேதும் ஏற்படவில்லை. கூடையில் அடைபட்ட பாம்பே அப்பிழையின் சுமையைத் தாங்கிற்று. பிற உயிரின் இன்பத்தைப் பிழையாக அறிவதன் விளைவு அறிந்தவனைச் சார்வதில்லை, அறியப்பட்ட உயிரையே சார்கின்றது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

இத்தகைய பிழைகளைக் கண்டு அஞ்சி, விலங்குகளுக்கு இன்பமென்பதே இல்லையென முடிவுகட்டுவாரும் உளர். பிரெஞ்சு மெய்யியலாளரான தெக்காட் 1637இல் வெளியிட்ட நூலில், விலங்குகளின் செயல்களைப் பொறிகளின் இயக்கத்தோடு ஒப்பிட்டு விளக்கினார். பகுத்தறியும் ஆன்மா மனிதனுக்கே உரியதென்பது அவர் கொள்கை. இக்கொள்கையை எல்லைவரை கொண்டுசென்றால், பூனைக்கு இசை இனிக்குமா என்னும் வினாவே பொருளற்றதாகிவிடும். அவருக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முற்பட்டவரான மொந்தேய்ன், 1580இல் வெளிவந்த தமது கட்டுரைகளிலே இதற்கு மாறான மனப்பாங்கைக் காட்டினார். தம் பூனையோடு விளையாடுகையில், விளையாட்டை நடத்துபவர் தாமா பூனையா என்னும் ஐயத்தை அவர் எழுப்பினார். தெக்காட்டின் உறுதியிலும் மொந்தேய்னின் ஐயம் அறிவுடைமைக்கு அணித்தானது எனலாம். பூனைக்குத் தன்னுடையதேயான ஒரு நோக்குநிலை உண்டென்பதையும், அந்நோக்குநிலை மனிதனுக்கு எளிதில் வசப்படாதென்பதையும் அவ்வையம் ஒருங்கே ஏற்றுக்கொள்கின்றது.

இவ்விரு மனப்பாங்குகளுக்கும் இடைப்பட்ட நெறியை மேலைநாட்டு இசை வரலாற்றிற் பூனை வகித்த இடங்களைக் கொண்டு விளக்கலாம். அத்தனேசியஸ் கிர்ச்சர் என்னும் யேசுசபைக் குரவர் 1650இல் வெளியிட்ட இசைநூலிலே ‘பூனைப் பியானோ’ எனத்தகும் கருவியொன்று விவரிக்கப்பட்டுள்ளது. குரலின் உயர்வு தாழ்வுக்கேற்பப் பூனைகளை வரிசையாக அடைத்துவைத்து, கட்டையை அழுத்துந்தோறும் கூரிய முள்ளொன்று அவற்றின் வாலிற் குத்துமாறு செய்து, அவை வலியால் எழுப்பும் ஓலங்களை இசையாக்குவதே அக்கருவியின் அமைப்பாகும். துயருற்றிருந்த ஓர் இளவரசனைச் சிரிக்கவைக்க அது பயன்பட்டதெனக் கதையுங் கூறப்பட்டது. அத்தகைய கருவி உண்மையிற் செய்யப்பட்டதா என்பது ஐயத்துக்குரியது. எனினும் அவ்வாறு ஒன்றை எண்ணி நகைக்க முடிந்தமையே அக்கால மனப்பாங்கைக் காட்டப் போதுமானது. அங்கே பூனை இசைக்கருவியாயிற்று. அடுத்த நூற்றாண்டில், டொமெனிக்கோ ஸ்கார்லாட்டி 1738ஆம் ஆண்டளவில் வெளியிட்ட தொகுதியிலுள்ள இசையாக்கமொன்று, பூனை கட்டைகளின்மீது நடந்தபோது பிறந்த சுரங்களிலிருந்து உருவானதென ஒரு செவிவழிக் கதை பின்னாளிற் பரவியது. அங்கே பூனை இசைக்குக் கருவாயிற்று. பூனையை இசை கேட்கும் உயிராகக் கொண்டு, அதன் செவிக்கு எது உகந்தது என முறைப்படி வினவும் முயற்சி இருபத்தோராம் நூற்றாண்டிலேயே உருப்பெற்றது. கருவியாகவும் கருவாகவும் கொள்ளப்பட்ட உயிர் கேட்போராக மதிக்கப்பட்டமை அறிவின் வளர்ச்சி மாத்திரமன்று, அறத்தின் வளர்ச்சியுமாகும்.

அம்முயற்சியின் இயல்பைச் சிறிது விரிவாக நோக்குதல் தகும். ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழக உளவியலாளரான சாள்ஸ் ஸ்னோடன், மேகன் சவேஜ், செலோ என்னும் நரம்பிசைக் கருவியை வாசிப்பவரான டேவிட் டெயி ஆகிய மூவரும் 2015இல் ஆய்வொன்றை வெளியிட்டனர். 47 வளர்ப்புப் பூனைகள் அவை வாழும் வீடுகளிலேயே பரிசோதிக்கப்பட்டன. மனிதருக்குரிய இசையாகப் பாக், போரே ஆகியோரின் ஆக்கங்கள் இரண்டும், பூனைகளுக்கென டெயி ஆக்கிய இசைத்துண்டுகள் இரண்டும் அவற்றுக்கு ஒலிபரப்பப்பட்டன. பூனைக்கென ஆக்கப்பட்டவை பூனைக் குரலின் உயரத்துக்கேற்ப உயர்ந்த சுருதியிலும், அக்குரல் வழுக்கிச் செல்வதைப் போன்ற நெளிவுகளோடும் அமைந்தன. அவற்றுள் ஒன்றன் தாளம் பூனை தொண்டையுள் எழுப்பும் குறுகுறுப்பொலியையும், மற்றையதன் தாளம் குட்டி தாயிடம் பாலருந்தும் வேகத்தையும் தழுவியிருந்தன. பூனையொலி எதுவும் அவ்வாறே பதிவுசெய்து சேர்க்கப்படவில்லை. இசைக்கருவிகளாலேயே அவை ஆக்கப்பட்டன.

பூனைக்குரிய இசை ஒலித்தபோது பூனைகள் ஒலிபெருக்கியை நோக்கித் தலைதிருப்பின, அதனருகே சென்றன, அதிலே தம் உடலைத் தேய்த்தன. அவை வினையாற்ற எடுத்த நேரத்தின் இடையம் 110 செக்கன் ஆகும். மனித இசைக்கு அந்நேரம் ஏறத்தாழ 172 செக்கனாக இருந்தது. இளம்பூனைகளும் முதிய பூனைகளும் நடுவயதினவற்றிலும் கூடிய ஈடுபாடு காட்டின. பாக்கின் இசையைப் பெரும்பாலான பூனைகள் பொருட்படுத்தவில்லை. மனிதரால் முந்நூறு ஆண்டுகளாகப் போற்றப்படும் இசை, பூனையின் முன்னிலையில் மதிப்பிழந்து நிற்கவில்லை. அது முகவரி மாறிச் சேர்ந்த கடிதமாக நின்றது.

இவ்வாய்வின் முடிவுகளிலும் அதன் முறையே மெய்யியல் நோக்கிற் சிறப்புடையது. பூனை திரும்பிப் பாராமல் இருத்தலும் அங்கே ஒரு விடையாகக் கணக்கிடப்பட்டது. மனிதன் கொடுத்ததைப் பூனை மறுக்கக்கூடும் என்னும் எண்ணம் பரிசோதனையின் அமைப்பிலேயே இடம்பெற்றிருந்தது. வீட்டு வானொலியைப் பூனைக்காக ஒலிக்கவிடுபவரின் செயலில் இல்லாதது இந்த இடமேயாகும்.

இவ்வாய்வினாற் பூனை இசையை இரசிக்கின்றது என்பது நிறுவப்பட்டுவிட்டதா எனின், அவ்வாறு கூறுதல் அவசரமாகும். இசையாக்கியவரே ஆய்வாளர்களுள் ஒருவராக இருந்தமையும், அவரது பூனையிசை 2016இல் விற்பனைக்குரிய இசைத்தொகுதியாக வெளிவந்தமையும் ஒருபுறமிருக்க, கருத்துத் தெளிவு பற்றிய சிக்கலொன்றும் உண்டு. விரும்புதல், தணிதல், இன்புறுதல் என்னும் மூன்றும் வெவ்வேறானவை. ஒன்றை நாடிச் செல்வது விருப்பத்தின் அறிகுறி. அது கண்ணாற் காணத்தக்கது. பதற்றம் குறைவது தணிவு, அது அளந்தறியத்தக்கது. இன்புறுதலோ அகத்தே நிகழ்வது.

இவ்வேறுபாட்டை விளக்கவல்ல ஆய்வுகள் இரண்டு உள. 2016இல் வெளிவந்த ஆய்வொன்றிலே, போர்த்துக்கல் நாட்டு மிருக வைத்தியர்கள் சத்திரசிகிச்சைக்காக மயக்கமருந்து கொடுக்கப்பட்ட 12 பெண்பூனைகளுக்கு மூவகை இசையைக் கேட்கச் செய்தனர். மென்மையான செந்நெறி இசை ஒலித்தபோது மூச்சின் வேகமும் கண்மணியின் விரிவும் குறைந்தன. இரைச்சல் மிக்க உலோக ரொக் இசை ஒலித்தபோது அவை கூடின. அப்பூனைகள் மயங்கிக் கிடந்தன என்பதை மறத்தலாகாது. கேட்டு மகிழ்வதற்கு அங்கே விழித்திருந்தோர் எவருமிலர். ஆயினும் உடல் இசைக்கு விடையளித்தது. ஆகவே தணிவு ஓரிடத்திற் காணப்படுவதால் இன்பமும் அங்கு உண்டெனத் துணியமுடியாது.

அமெரிக்காவின் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2020இல் வெளியிட்ட ஆய்விலே, 20 பூனைகள் மிருக வைத்தியசாலையில் மும்முறை பரிசோதிக்கப்பட்டன. ஒருமுறை அமைதியும், ஒருமுறை செந்நெறி இசையும், ஒருமுறை பூனையிசையும் நிலவின. பூனையிசை ஒலித்த வேளையிற் பூனைகளின் நடத்தையிற் பதற்றம் குறைந்து காணப்பட்டது. ஆனால் உளநெருக்கீட்டைக் காட்டுவதாகக் கொள்ளப்படும் வெண்குழிய விகிதத்திற் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் குருதியிற் காணப்படவில்லை. நடத்தை ஒன்று கூறக் குருதி அதனை வழிமொழியாது நின்றது.

பூனையின் குறுகுறுப்பொலியைக் கொண்டு அதன் மகிழ்ச்சியை அறியலாமென்பர். அவ்வொலி மனநிறைவின்போது எழுவது உண்மையே. ஆனால் காயமுற்ற பூனையும் நோயுற்ற பூனையுங்கூட அவ்வாறே ஒலியெழுப்புவதை மிருக வைத்தியர் அறிவர். உணவு வேண்டிக் குறுகுறுக்கும் பூனை அவ்வொலியினுள்ளே அழுகையை ஒத்த உயர்ந்த குரலொன்றைக் கலந்து மனிதனின் கவனத்தை ஈர்ப்பதை இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் 2009இல் எடுத்துக்காட்டினர். எனவே ஒரே ஒலி நிறைவையும் நோவையும் வேண்டுகோளையும் உணர்த்த வல்லதாகின்றது. அதன் பொருளை அறிய வேண்டின் அந்தப் பூனையை, அந்த வேளையை, அந்தச் சூழலை அறிதல் வேண்டும்.

அமெரிக்க மெய்யியலாளரான தோமஸ் நேகல் 1974இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், வௌவாலின் அகவனுபவத்தைப் புறத்தேயிருந்து முற்றாக அறியமுடியாதென வாதிட்டார். அவரது வாதம் பூனைக்கும் பொருந்தும். ஆனால் முற்றாக அறியமுடியாமை வேறு. எதனையும் அறியமுடியாமை வேறு. தாய் தன் மழலையின் அகத்தைப் புகுந்து பார்த்ததில்லை. ஆயினும் பசியழுகையையும் வலியழுகையையும் அவள் பெரும்பாலும் பிரித்தறிகின்றாள். நெடுங்காலம் உடனிருந்து அவதானித்தலாலும், பிழைத்தபோது திருத்திக்கொள்ளுதலாலும் அவ்வறிவு அவளுக்கு வாய்த்தது. நேகலின் வாதம் இத்தகைய அறிவுக்குத் தடையன்று. முழுமையாக அறிந்துவிட்டதாக எண்ணும் செருக்குக்கே அது தடையாகின்றது.

அறம் பற்றிய இரண்டாவது வினாவுக்கு இங்கிருந்தே வழி பிறக்கின்றது. விலங்குகள் பற்றிய அறச்சிந்தனை நெடுங்காலமாகத் துன்பத்தையே மையமாகக் கொண்டு வளர்ந்தது. ஆங்கில மெய்யியலாளரான பெந்தம், துன்பத்தை உணரும் ஆற்றலே விலங்குகளை அறத்தின் எல்லைக்குட் கொணர்கின்றதென 1789இல் வெளிவந்த நூலில் வற்புறுத்தினார். கொல்லாமையும் ஊறு செய்யாமையும் கீழைத்தேய அறங்களிலே தலையாய இடம் பெற்றவை. துன்பம் செய்யாதிருக்கப் பொதுவிதியொன்று போதும். அடியாதே, பட்டினியிடாதே என்பன எவ்வுயிர்க்கும் பொருந்தும். இன்பம் செய்வதற்கோ பொதுவிதி போதாது. பெறும் உயிர் எது, அதன் செவி எத்தகையது, அதன் வயது யாது, இந்த வேளையில் அது வேண்டுவது யாது என்பவற்றையெல்லாம் அறிந்தே இன்பம் செய்ய இயலும். ஆகவே இன்பம் செய்யப் புகுவோனுக்கு அறிதலும் அறத்தின் ஒரு பகுதியாகின்றது. அறிய முயலாத அன்பு, கொடுப்பவன் தன் இன்பத்தையே பிறிதோர் உயிரின்மீது கண்டு களிக்கும் தன்னன்பாகச் சுருங்கிவிடுகின்றது.

பண்டைத் தமிழிலக்கியம் கூறும் அசுணத்தின் கதை இவ்விடத்தே நினைக்கத்தக்கது. விலங்கென்றும் பறவையென்றும் பிற்காலத்தார் பலவாறு கூறும் இவ்வுயிர் இன்னிசையில் மிக்க ஈடுபாடுடையது, வல்லோசையைத் தாங்காதது. வேட்டுவர் யாழிசைத்து அதனை மறைவிடத்திலிருந்து வெளியே வரச்செய்து, பின் பறையறைந்து அதன் உயிரைப் போக்குவர் என்னும் செய்தி கலித்தொகையிலே காணப்படுகின்றது. இன்பமும் துன்பமும் ஒருங்கே தருவதற்கு அசுணங் கொல்வோரின் கையை நற்றிணைப் பாடலொன்று உவமையாக்குகின்றது. அசுணம் என்பது உண்மையான உயிரா, புலவரின் கற்பனையா என்பது வேறு ஆய்வுக்குரியது. அக்கதை உணர்த்தும் உண்மை தெளிவானது. அசுணத்தின் செவியை மிக நுட்பமாக அறிந்திருந்தவர் அதன் கொலைஞரே. எனவே பிற உயிரின் செவியை அறிதல் அறத்துக்கு வேண்டியதாயினும், அதுவே அறமாகிவிடுவதில்லை. அறிவோடு அவ்வுயிரின் நலத்தை அதன் பொருட்டே நாடும் எண்ணமும் சேர்தல் வேண்டும். அறிவற்ற அன்பு வீட்டு வானொலியின் குறை. அன்பற்ற அறிவு வேட்டுவன் யாழின் குறை.

இவ்விரண்டும் சேர்ந்துள்ளனவா என்பதைச் சோதிக்க எளிய அளவுகோல் ஒன்றுண்டு. பெறும் உயிருக்கு மறுக்கும் வாய்ப்பு இருக்கின்றதா என்பதே அது. வீட்டின் ஒலியை ஆள்பவன் மனிதன். வானொலியைத் திருகுவதும் அணைப்பதும் அவன் கையிலேயே உள்ளன. பூனையாற் கதவைத் திறக்கவோ ஒலியைக் குறைக்கவோ முடியாது. அதன் செவிகளுக்கு இமைகளும் இல்லை. சிறிய அறையிலே கதவடைத்து நாள்முழுதும் ஒலிக்கவிடப்படும் இசை எத்துணை இனியதாயினும், அது பூனைக்கு அளிக்கப்பட்டதெனக் கூறமுடியாது. அதன்மீது சுமத்தப்பட்டதெனவே கூறவேண்டும். ஒலியெட்டாத மற்றோர் அறைக்குச் செல்ல வழி திறந்திருக்க, பூனை இசை ஒலிக்கும் அறையிலேயே தங்குமாயின், அதன் தங்குதல் ஏதோ ஒன்றைக் கூறுகின்றது. அது எழுந்து செல்லுமாயின் அதுவும் ஒன்றைக் கூறுகின்றது. எழுந்து சென்ற பூனையைத் தூக்கிவந்து மீண்டும் மடியில் இருத்துபவர் அவ்விடையைக் கேட்க மறுத்தவராவார்.

இதற்கு எதிராக எழக்கூடிய வாதங்கள் இரண்டு. பூனைக்கென ஆக்கப்பட்ட இசையும் மனிதனால் ஆக்கப்பட்டதே, அதனை விலைகொடுத்து வாங்குபவனும் மனிதனே, ஆகவே அதுவும் மனிதக் கற்பனையே என்பது முதலாவது வாதம். இதில் உண்மையுண்டு. இனத்துக்குரிய செவியை அறிந்தவுடன் எல்லாம் அறியப்பட்டுவிட்டதென எண்ணுவதும் தவறே. யப்பானிய ஆய்வாளர் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, பூனைகள் தம்மை வளர்ப்போரின் குரலை அந்நியர் குரலிலிருந்து பிரித்தறிகின்றன. செவியையும் தலையையும் அசைத்து அதனை உணர்த்தினவேயன்றி அவை எழுந்து வரவில்லை. வளர்ப்போர் தம்மோடு பேசும் தனித்தொனியைப் பூனைகள் வேறுபடுத்தி உணர்வதையும், அந்நியர் அத்தொனியிற் பேசும்போது அவ்வாறு உணராமையையும் பாரிஸ் நாந்தேர் பல்கலைக்கழகத்தார் 2022இற் கண்டறிந்தனர். எனவே வீட்டுப் பூனைக்குப் பொருளுடைய ஒலிகளுள் மனிதக் குரலும் ஒன்று. அதுவும் குறித்த ஒருவரின் குரல். நாள்தோறும் வளர்ப்பவரோடு சேர்ந்து கேட்கப்பட்ட பழைய பாடலொன்று, அதன் இசையால் அன்றி அவரது இருப்பின் அடையாளமாகப் பூனைக்கு உவப்பாகியிருத்தல் கூடும். இவ்வாறிருத்தல் மேற்கூறிய அளவுகோலை மறுப்பதில்லை. இனத்தை அறிந்தது போதாது, அந்தத் தனியுயிரையும் அறிதல் வேண்டும் என அதனை மேலும் நுண்மையாக்குகின்றது.

மனிதரின் துன்பங்களே தீராதிருக்கையிற் பூனையின் இசையின்பத்தை ஆராய்வது வீணான பொழுதுபோக்கு என்பது இரண்டாவது வாதம். துன்பங்களின் வரிசையிற் பூனையின் செவி முன்னிடம் பெறாதென்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் இல்லத்திலே பேசமுடியாத உயிர் பூனை மாத்திரமன்று. தொட்டிலிற் கிடக்கும் குழந்தையும், வாதநோயாற் பேச்சிழந்து பாயிற் கிடக்கும் முதியவரும் அவ்வீட்டிலேயே வாழ்கின்றனர். அவருக்குத் துணையாக இருக்கட்டுமென்று தலைமாட்டில் வானொலியை வைத்துவிட்டு வீட்டார் தம் அலுவல்களுக்குச் செல்கின்றனர். அவர் ஒருகாலத்தில் இசைப்பிரியராக இருந்திருக்கலாம். இன்று அதே இசை அவருக்கு உவப்பாக இருக்கலாம், தாங்கவொண்ணாததாகவும் இருக்கலாம். முகத்தைச் சுவர்ப்புறம் திருப்பிக்கொள்வதே அவராற் கூறக்கூடிய ஒரே சொல்லாக இருப்பின், அச்சொல்லைக் கேட்பதற்கு ஒருவர் அருகிருந்து பார்த்தல் வேண்டும். பூனையின் செவி திரும்புவதைக் கவனிக்கப் பழகிய கண் முதியவரின் முகம் திரும்புவதையும் கவனிக்கும் என்று உறுதி கூறமுடியாது. ஆனால் ஓரிடத்திற் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பாராத பழக்கம் மற்றோரிடத்திலும் தொடரும் என்று அஞ்சுவதற்கு இடமுண்டு.

இதுகாறும் கூறியவற்றாற் பின்வருவன பெறப்படும். பூனை இசையால் இன்புறுகின்றதா என்னும் வினாவுக்கு முடிந்த முடிபாக விடைகூற இன்றைய அறிவு இடந்தரவில்லை. எந்த ஒலியை அது நாடுகின்றது, எதைப் பொருட்படுத்தாதிருக்கின்றது, எதனின்றும் விலகுகின்றது என்பவற்றை அறிவதற்கு இடமுண்டு. அறிய இடமுள்ளதை அறிய முயல்வதும், அறிய இடமில்லாததைத் தன் விருப்பத்தால் நிரப்பிக்கொள்ளாதிருப்பதும் பிற உயிரோடு ஒரே கூரையின்கீழ் வாழ்வோனுக்குரிய கடமைகளாகும். அவன் அளிக்கும் இசை பூனைக்கு ஏற்புடையதாயின் நன்று. ஏற்புடையதன்றெனத் தெரிந்த பின்னர் அவன் வானொலியை அணைப்பானாயின், அதனைத் தொடரும் அமைதியும் அவன் அளித்த கொடையே எனலாம்.